அரசுப் பள்ளி நூலகத்துக்கு 30,000 ரூபாய்க்குப் புத்தகங்கள்: எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்கள் படித்த அரசு உயர்நிலைப் பள்ளிக்காக முன்னாள் மாணவர்கள் சேர்ந்து 30,000 ரூபாய் திரட்டியிருக்கிறோம். தொகை முழுவதையும் நூலகத்துக்கே செலவிடுவது என்று முடிவாகிவிட்டது. பள்ளியில் ஆறு முதல் பத்து வரை வகுப்புகள் உள்ளன. அதே வளாகத்தில் இயங்கும் தொடக்கப் பள்ளியின் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் இந்த நூலகத்துக்கு வருவார்கள் என்று தலைமையாசிரியை தெரிவித்திருக்கிறார். ஆகவே ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் ஒரே அலமாரியிலிருந்து புத்தகம் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

எதை வாங்குவது என்பதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. பிள்ளைகளுக்கு ஊக்கம் தரும் நூல்கள், அதாவது சாதனையாளர்களின் வாழ்க்கை வரலாறுகளும் தன்னம்பிக்கை நூல்களும் நீதிக்கதைகளும் போதும் என்கிறார்கள் சிலர். பொது அறிவு வினா விடை நூல்கள் வாங்கினால் பின்னாளில் போட்டித் தேர்வுக்காவது உதவும் என்கிறார்கள் வேறு சிலர். ஆனால் பள்ளியில் இப்போது இருக்கும் இரும்பு அலமாரியில் இந்த இரண்டு வகைகளும்தான் நிறைந்திருக்கின்றன. பரிசளிப்பு விழாக்களின் மிச்சமாக வந்து சேர்ந்த அப்புத்தகங்களில் பலவற்றை யாரும் விரித்துப் பார்த்த அடையாளமே இல்லை. அதே வகையில் இன்னும் ஒரு வரிசையைச் சேர்ப்பதால் என்ன பயன் என்பது என் ஐயம்.

ஒரு நூல் எந்த வயதுக்கு ஏற்றது என்பதை வாங்குவதற்கு முன் எப்படிக் கணிப்பது, ஊக்கம் தரும் நூல் என்று எதை நம்பி எடுப்பது, கதைக்கும் அறிவியலுக்கும் எந்த அளவில் பணத்தைப் பிரிப்பது ஆகியவற்றில் அனுபவமுள்ளவர்களின் வழிகாட்டுதல் தேவைப்படுகிறது. பட்டியல் தருபவர்கள் அந்த நூலை ஏன் சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால், குழுவில் எடுத்துச் சொல்ல எனக்கு உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற நூலகர் எழுதியது:

அன்புள்ள பொருநைக்கரை அவர்களுக்கு, கிளை நூலகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என் கருத்துகளைச் சொல்கிறேன்.

வயதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி தொடர்கதையை ஒரே மூச்சில் படித்து முடிப்பாள். அவளுக்குப் பக்கத்தில் இருப்பவனோ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். இருவருக்கும் வயது பன்னிரண்டுதான். பள்ளிக் கல்வித் துறை தன் வாசிப்பு இயக்கத்துக்காக வெளியிட்ட சிறு நூல்களை வகுப்புவாரியாகப் பிரிக்காமல் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளாகப் பிரித்திருப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். உங்கள் அலமாரியையும் அவ்வாறே பிரித்து அடுக்கலாம். தட்டுகளில் வகுப்பு எண்ணை மட்டும் ஒட்டிவிடாதீர்கள். "நான்காம் வகுப்பு" என்று எழுதிய தட்டிலிருந்து எந்த எட்டாம் வகுப்புப் பையனும் எல்லார் முன்னிலையிலும் புத்தகம் எடுக்க மாட்டான்.

உங்கள் தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைப் பக்கத்துக்குச் சில வரிகளே உள்ள படநூல்களுக்கு ஒதுக்குங்கள் என்பேன். உயர்நிலைப் பள்ளிக்கு இவை எதற்கு என்று குழுவில் கேட்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு புத்தகத்தை முடித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள வேறு வழி கிடையாது என்பதே அதற்குப் பதில். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசை, துலிகாவின் இருமொழிப் படநூல்கள், பிரதம் புக்ஸ் வெளியிடும் சிறு நூல்கள் ஆகியவற்றில் படங்களும் மொழியும் பெரும்பாலும் கவனமாகச் செய்யப்பட்டிருக்கும். பிரதம் புக்ஸ் 2015ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளைப் படிநிலை வாரியாக இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அவை திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டவை என்பதால் அச்செடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதிலும் தடையில்லை. வாங்குவதற்கு முன்பு அங்கே சில கதைகளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால், உங்கள் பிள்ளைகள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பது செலவில்லாமல் தெரிந்துவிடும்.

ஒரு நூல் குறிப்பிட்ட ஒரு பிள்ளைக்குப் பொருந்துமா என்று பார்க்க நூலகர்கள் கையாளும் எளிய முறை ஒன்று உண்டு. புத்தகத்தின் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து வாசிக்கச் சொல்லி, பொருள் தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கச் செய்ய வேண்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்நூலை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம். ஆனால் பிள்ளை அதையே பிடிவாதமாகக் கேட்டால் பறிக்க வேண்டாம். ஆர்வம் இருந்தால் தெரியாத சொற்களைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

இனி வாழ்க்கை வரலாறுகள். உங்கள் நண்பர்கள் இவற்றைக் கேட்பதில் தவறில்லை, ஆனால் கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பிறந்த ஊர், பெற்ற பட்டம், வாங்கிய விருது என்ற வரிசையில் எழுதப்பட்டவை. அவற்றைப் படிக்கும் பிள்ளைக்கு, தான் அந்த மனிதரைப் போல ஒருபோதும் ஆக முடியாது என்பது மட்டுமே உறுதியாகும். நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். கணித மேதை இராமானுஜன் வரலாற்றைக் கையில் எடுத்தால், அவர் தோற்ற பகுதி எத்தனை பக்கம் வருகிறது என்று பார்ப்பேன். கும்பகோணம் கல்லூரியில் மற்றப் பாடங்களில் தேறாமல் அவர் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. என்ற அன்றைய இடைநிலைக் கல்லூரித் தேர்வில் வெற்றி பெறவில்லை. பட்டம் இல்லாமல் வேலை தேடி அலைந்து, 1912ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கிருந்துதான் அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆண்டுகளை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டு நேரே கேம்பிரிட்ஜுக்குப் போய்விடும் நூலை நான் வாங்குவதில்லை. கணக்கில் நல்ல மதிப்பெண் பெற்று மற்றப் பாடங்களில் விழும் மாணவன் ஒருவன் உங்கள் பள்ளியிலும் இருப்பான். அவனுக்குத் தேவையான பக்கங்கள் அவைதாம்.

முத்துலட்சுமி ரெட்டி வரலாற்றுக்கும் இதே அளவுகோல்தான். 1912ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார், 1954ஆம் ஆண்டு அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கினார் என்பவை எல்லா நூல்களிலும் இருக்கும். ஆண்கள் மட்டுமே படித்த புதுக்கோட்டைக் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு எழுந்த எதிர்ப்பையும், மன்னரின் அனுமதியால் அவர் உள்ளே நுழைந்ததையும் விரித்துச் சொல்லும் நூலாகப் பார்த்து எடுங்கள்.

புத்தகம் கட்டப்பட்ட விதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதுகில் பசை மட்டும் ஒட்டிய புத்தகம் ஒரு கல்வியாண்டு தாங்குவதே கடினம். தையல் போட்ட பதிப்பு கிடைக்கும் இடத்தில் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள்.

தமிழாசிரியை எழுதியது:

நூலகர் ஐயா சொன்னவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். அவர் தொடாமல் விட்ட பதின்பருவத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் தமிழில் பிள்ளைகள் வாசிப்பை விட்டு விலகுவது அந்த வயதில்தான். ஐந்தாம் வகுப்பு வரை கதைப் புத்தகம் கொடுத்தவர்கள் எட்டாம் வகுப்பு வந்ததும் தேர்வுக் கையேட்டை நீட்டுகிறார்கள்.

எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இரா. நடராசனின் 'ஆயிஷா'. ஒரே அமர்வில் படித்துவிடக்கூடிய சிறு நூல், விலையும் குறைவு. எல்லாவற்றையும் ஏன் என்று கேட்கும் ஒரு மாணவி, கேட்டதற்காக அடி வாங்குகிறாள். அடி வலிக்காமல் இருக்க ஏதாவது வழி உண்டா என்று தானே சோதித்துப் பார்த்து உயிரை விடுகிறாள். கதையைச் சொல்பவர் அவளுடைய ஆசிரியை. சோகமாக முடியும் கதையை ஊக்கம் தரும் நூல் என்று எப்படிச் சொல்லலாம் என்று உங்கள் குழுவில் நிச்சயமாகக் கேட்பார்கள். என் வகுப்பில் இதைப் படித்த பிறகு, அதுவரை வாய் திறக்காத பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன். தங்கள் கோபத்தை ஒருவர் அச்சில் எழுதியிருக்கிறார் என்பது அவர்களுக்குப் புதிய செய்தி. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: இதைப் படித்த பிள்ளையோடு பேசுவதற்குப் பள்ளியில் ஓர் ஆசிரியர் தயாராக இருக்க வேண்டும். ஆறாம் வகுப்புக்கு இதைக் கொடுக்க வேண்டாம்.

பள்ளிக்கூடத்தின் மறுபக்கத்தைக் காட்டுவது 'டோட்டோசான்'. ஜப்பானிய நடிகை டெட்சுகோ குரோயானாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதி 1981ஆம் ஆண்டு வெளிவந்த இந்நூலை நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் தந்திருக்கிறது. குறும்பு தாங்காமல் முதல் வகுப்பிலேயே ஒரு பள்ளி வெளியேற்றிய சிறுமியை, பழைய ரயில் பெட்டிகளை வகுப்பறைகளாகக் கொண்ட இன்னொரு பள்ளியின் தலைமையாசிரியர் ஏற்றுக்கொள்கிறார். சேர்க்கை நாளன்று அந்தச் சிறுமி மணிக்கணக்காகப் பேசுவதை அவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் பகுதியை ஆறாம் வகுப்பில் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். மீதியைத் தாங்களே படிக்கிறோம் என்று நூலுக்குப் போட்டி வந்துவிடும். அதனால் குறைந்தது மூன்று படிகளாவது வாங்குங்கள். ஒரு நூலின் ஒரே படியை வாங்கி நூறு தலைப்புகளைச் சேர்ப்பதைவிட, ஒரே நேரத்தில் நான்கு பேர் படித்துத் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்படி சில நூல்களையாவது பல படிகள் வாங்குவது பதின்பருவத்தில் நன்றாகப் பலன் தருகிறது.

யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', சிறுவர் இலக்கியத்துக்குச் சாகித்ய அகாதெமி வழங்கும் பால சாகித்ய புரஸ்கார் விருதைப் பெற்ற நூல். குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலை, அச்சுறுத்தாமலும் பூசி மெழுகாமலும் கதையாகச் சொல்கிறது. ஐந்தாம் வகுப்பிலிருந்தே கொடுக்கலாம். பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2023ஆம் ஆண்டு அதே விருதைப் பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியைக் களமாகக் கொண்டது. உங்களுக்கு ஆதிச்சநல்லூர் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த நூலைப் படித்த பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லும் வாய்ப்பு எங்கள் மாவட்டத்தில் எனக்கு இல்லை.

கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்', கரிசல் காட்டில் பறவைகளின் பின்னால் அலையும் ஒரு சிறுவனைப் பற்றியது. உங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு வழக்கில் தடை இருக்காது. 'குட்டி இளவரசன்' பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழாக்கப்பட்டு க்ரியா வெளியிட்டது. படங்கள் இருப்பதால் சிறு குழந்தைகளுக்கு வாங்கிவிடுகிறார்கள், ஆனால் அது ஒன்பதாம் வகுப்பில்தான் பிடிபடுகிறது. நன்றாகப் படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளை யாராவது இருந்தால் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நூலின் சுருக்கப் பதிப்பைக் கொடுத்துப் பாருங்கள். படிக்க ஆசிரியர் தேடி ஊர் ஊராக அலைந்த ஒரு பையனின் கதை என்று சொல்லிக் கொடுங்கள், தமிழ்த் தாத்தா என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்.

அறிவியலுக்குப் புத்தகங்களைவிட முதலில் 'துளிர்' இதழுக்குச் சந்தா கட்டுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987ஆம் ஆண்டிலிருந்து பிள்ளைகளுக்காக நடத்தி வரும் மாத இதழ் அது. மாதந்தோறும் புதிதாக ஏதாவது வருகிறது என்றால்தான் நூலக நேரத்துக்கு ஒரு எதிர்பார்ப்பு இருக்கும். வினா விடை நூல்கள் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அலமாரியில் ஏற்கெனவே இருக்கின்றன என்கிறீர்கள்.

செங்கோட்டைக்காரன் எழுதியது:

இருவரும் தன்னம்பிக்கை நூல்களை ஒரேயடியாக ஒதுக்குவது போலத் தோன்றுவதால் என் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எனக்கு யாரும் டோட்டோசானைத் தரவில்லை, எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' கிடைத்தது. உன்னால் முடியும் என்று என் வீட்டிலோ தெருவிலோ ஒருவரும் சொல்லாத நேரத்தில் ஒரு புத்தகம் நேருக்கு நேராக அதைச் சொன்னது. இலக்கிய நயமுள்ள கதை ஒன்றைப் படித்து, அதிலிருந்து அந்தச் செய்தியை நானே பிரித்தெடுத்துக்கொள்ளும் நிலையில் நான் அன்று இல்லை. புத்தகம் சூழ்ந்த வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு அறிவுரை எரிச்சலூட்டலாம். கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைக்கு, நேரம் வகுத்துப் படிப்பது எப்படி, கூச்சமில்லாமல் பேசுவது எப்படி என்று ஒருவர் வரிசையாகச் சொல்லித் தருவதே பெரிய உதவி. கருத்து பழையதாக இருக்கலாம், ஆனால் தேவை பழையதாகிவிடவில்லை.

மற்றபடி, பரிசளிப்பு விழாக்களுக்கென்றே அச்சடிக்கப்படும் பொன்மொழித் தொகுப்புகளை நானும் ஆதரிக்கவில்லை. பத்து தரமான தன்னம்பிக்கை நூல்களாவது அந்த அலமாரியில் இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

தமிழாசிரியை எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வது ஒன்பது, பத்தாம் வகுப்புகளைப் பொறுத்தவரை நியாயமே. அந்த வயதில் தானாகத் தேடி வரும் மாணவனுக்கு அது உதவும். நான் மறுப்பது, பதினோரு வயதுப் பிள்ளையின் கையில் கேட்காமலே திணிக்கப்படும் அறிவுரையைத்தான். நீங்களும் 'எண்ணங்கள்' நூலை யாரும் திணிக்காமல் படித்ததால்தான் இன்றும் நினைவில் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பத்து என்பதை ஐந்தாகக் குறைத்துக்கொண்டால் நான் உடன்படுவேன்.

மாயாவி ரசிகன் எழுதியது:

இவ்வளவு பேசிய பெரியவர்கள் எவரும் படக்கதை இதழ்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சிவகாசியிலிருந்து 1972ஆம் ஆண்டு இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸ் எத்தனை பேரை வாசகர்களாக்கியது என்பதை என் வயதுக்காரர்கள் அறிவார்கள். வாசிப்பில் பின்தங்கிய எட்டாம் வகுப்புப் பையனுக்குப் படநூலைக் கொடுத்தால், தன்னைக் குழந்தையாக நடத்துகிறார்கள் என்று நினைப்பான். துப்பாக்கியும் குதிரையும் வரும் காமிக்ஸைக் கொடுத்தால் அப்படி நினைக்க மாட்டான். வரிகள் அதிலும் குறைவுதான், ஆனால் கதை அவன் வயதுக்கானது. அடுத்த கட்டத்தில் என்ன நடக்கிறது என்ற அவசரத்திலேயே வாசிப்பு வேகம் கூடிவிடும். முதுகுப் பட்டையைக் கெட்டி அட்டையோடு சேர்த்துக் கட்டித் தருமாறு உள்ளூர் பைண்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு பருவத்துக்குள் தாள் தாளாகப் பிரிந்துவிடும். அவ்வளவு கைகள் மாறும்.

இன்னொன்று. பெரியசாமித் தூரன் தலைமையில் உருவான பத்துத் தொகுதி 'குழந்தைகள் கலைக்களஞ்சியம்' இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தகவல்கள் காலாவதியாகியிருந்தாலும், ஒரு பொருளைப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது என்று ஆசிரியர்கள் பார்ப்பதற்கு அது பயன்படும். பழைய பதிப்பைத் தேடி விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் குழுவில் இவற்றை வாசித்துக் காட்டினேன். இராமானுஜன் சோதனை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பள்ளி அலமாரியில் இருக்கும் மூன்று இராமானுஜன் நூல்களை எடுத்துப் பார்த்ததில் ஒன்றுகூடத் தேறவில்லை. 10,000 ரூபாய்க்குப் படநூல்கள், 10,000 ரூபாய்க்கு ஆறு முதல் பத்து வரையான வகுப்புகளுக்குரிய கதைகளும் வரலாறுகளும், அவற்றில் ஐந்து தலைப்புகளுக்கு நான்கு நான்கு படிகள், 4,000 ரூபாய்க்குள் காமிக்ஸும் துளிர் சந்தாவும் ஐந்து தன்னம்பிக்கை நூல்களும் என்று இப்போதைக்கு வகுத்திருக்கிறோம். மீதி 6,000 ரூபாயை என்ன செய்வது என்பதில்தான் இன்னும் பேச்சு முடியவில்லை. பீரோ வாங்கலாம் என்று ஒருவர் சொல்கிறார்.

ஓய்வுபெற்ற நூலகர் எழுதியது:

பீரோ வேண்டாம். அந்த 6,000 ரூபாயை இப்போது தொடாமல் வைத்திருங்கள். மாவட்டப் புத்தகத் திருவிழா வரும்போது வகுப்புக்கு இரண்டு பிள்ளைகளை அழைத்துப் போய், அவர்களே எடுக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். பத்து விழுக்காடு தள்ளுபடியும் கிடைக்கும். அவர்கள் எடுப்பவற்றில் பேய்க்கதையும் சமையல் குறிப்பும் இருந்தாலும் தடுக்காதீர்கள். எதை எடுத்தார்கள் என்பதைப் பார்த்தால் அடுத்த ஆண்டுப் பட்டியலை இங்கே வந்து கேட்க வேண்டிய தேவை உங்களுக்கு இருக்காது.

தலைமையாசிரியையிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். புத்தகம் தொலைந்தால் தணிக்கையில் யார் பொறுப்பு என்ற அச்சத்தினால்தான் பல பள்ளிகளில் அலமாரியைப் பூட்டி வைக்கிறார்கள். உங்கள் நன்கொடை நூல்களுக்கு இருப்புப் பதிவேட்டைத் தனியாகத் தொடங்கி, ஆண்டுக்குச் சில நூல்கள் கிழிந்தோ தொலைந்தோ போவதை முன்னாள் மாணவர்கள் ஏற்றுக்கொள்கிறோம், அதற்கு யாரிடமும் விலை கேட்க மாட்டோம் என்று கடிதமாகவே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.